மிதக்கும் மலை ஓவியத்துக்கு வந்த முரண்பட்ட கருத்துகள்: எதை ஏற்பது, எதை விடுவது?

மணக்குடிக் காயல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் கணக்கு எழுதும் வேலை பார்த்துக்கொண்டு, இரவு நேரங்களில் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் கற்பனை நிலக்காட்சிகள் வரைந்து வருகிறேன். இப்போது கையில் இருக்கும் ஓவியத்தில், மணக்குடிப் பொழிமுகத்தைப் போன்ற ஒரு நீர்ப்பரப்பு முன்னால் விரிந்து கிடக்கிறது. அதற்கு மேலே, அடியோடு பிய்த்தெடுத்தாற்போல மூன்று மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தரத்தில் நிற்கின்றன. அவற்றுக்கிடையே தண்ணீர் கொண்டுபோவதற்காக, மாத்தூர் தொட்டிப்பாலத்தை மனத்தில் வைத்து ஒரு நெடும்பாலம் வரைந்திருக்கிறேன். அதன் தூண்கள் நீருக்குள் இறங்குகின்றன, பாலத்தின் மேல் ஒருவர் நிற்கிறார். நேரம் சூரியன் மறையும் வேளை. சூரியனுக்குச் சற்று மேலே ஒரு முழுநிலவும் உண்டு.

இதைச் சில குழுக்களில் பகிர்ந்தபோது வந்த கருத்துகளில் பாதிக்கு மேல் "அருமை", "சூப்பர்" என்பவைதான். மீதியில் ஒருவர் தூரத்து மலைகளை நீலமாக்கச் சொன்னார். இன்னொருவர் பாலம் சிறியதாகத் தெரிகிறது என்றும், கல் வேலைப்பாட்டை இன்னும் நுணுக்கமாக வரைய வேண்டும் என்றும் எழுதினார். மலைகளுக்கு நேர் கீழே நிழல் போடச் சொன்னவர் ஒருவர். நிலவை எடுத்துவிடச் சொன்னவர் மற்றொருவர். நீலம் பூசிப் பார்த்தபின், ஓவியம் இரண்டு துண்டாகப் பிரிந்து நிற்கிறது என்று வேறொருவர் சொல்லிவிட்டார். இவர்களில் யார் சொல்வதைக் கேட்பது? அதோடு, அதே குழுவில் இளையவர்கள் இருவர் தங்கள் ஓவியங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படும்படி எப்படி எழுதுவது என்றும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

தோவாளைத் தூரிகை

தம்பி, ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். ஓவியத்தைப் பார்ப்பவர் இரண்டு செய்திகளை ஒன்றாகக் கலந்து சொல்லிவிடுவது வழக்கம்: தமக்கு என்ன தோன்றியது என்பது ஒன்று, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது மற்றொன்று. முதல் செய்தியைப் பெரும்பாலும் நம்பலாம், ஏனென்றால் அவர் கண்ணுக்கு அப்படித் தோன்றியது உண்மை. இரண்டாவது செய்தி அவருடைய ஊகம் மட்டுமே. அதை ஏற்பதும் விடுவதும் வரைந்தவரின் உரிமை.

நீல நிறத்தைப் பற்றிய கருத்தையே எடுத்துக்கொள்வோம். அவர் கண்ணுக்குத் தெரிந்தது, மூன்றாவது மலை பின்னால் போகாமல் முதல் மலையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்பது. அது சரியான கணிப்பு. ஆனால் அவர் சொன்ன மருந்து நண்பகல் காட்சிக்கு உரியது. பகலில் நமக்கும் மலைக்கும் நடுவே உள்ள காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால், தொலைவிலுள்ள மலையின் இருண்ட பகுதிகள்மேல் அந்த நீலம் படிந்துவிடுகிறது. அந்தி வேளையில் சூரியன் இருக்கும் திசையை நோக்கிப் பார்த்தால் கதை வேறு. அங்கிருந்து வரும் ஒளி நெடுந்தூரம் காற்றைக் கடக்கும்போதே நீலத்தை இழந்துவிடுவதால், நடுவிலுள்ள மூட்டமே செம்பொன் நிறத்தில் ஒளிர்கிறது. நாகர்கோவிலில் ஏதாவது ஒரு மாடியில் நின்று, சாயங்காலம் மேற்கே வேளிமலைப் பக்கம் ஒருமுறையும், திரும்பி வடகிழக்கே மகேந்திரகிரிப் பக்கம் ஒருமுறையும் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு திசைகளிலும் தூரம் இரண்டு நிறமாக இருப்பதைக் காணலாம். தொலைவில் உள்ள பொருள் தனக்குப் பின்னாலிருக்கும் வானத்தின் நிறத்தை நோக்கி நகரும் என்று எடுத்துக்கொண்டால் எந்த வேளைக்கும் பொருந்தும். உங்கள் வானம் செம்மஞ்சளாக இருக்க, மலை மட்டும் நீலமாகப் போனதால்தான் ஓவியம் இரண்டு துண்டானது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது மலையின் பாறைப் பிளவுகளில், முதல் மலைக்குப் பயன்படுத்திய அதே கருப்பு இருக்கிறது. நிறத்தைத் தொடுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். எல்லா லேயர்களுக்கும் (ஓவிய அடுக்குகளுக்கும்) மேலே கருப்பு நிரப்பிய ஒரு லேயரை வைத்து, அது கீழே உள்ளவற்றோடு கலக்கும் பிளெண்டிங் முறையைக் 'கலர்' என்று மாற்றினால் ஓவியம் முழுவதும் சாம்பல் நிறத்தில் தெரியும். அந்த நிலையில் மூன்றாம் மலையின் மிக இருண்ட இடம், முதல் மலையின் மிக இருண்ட இடத்தைவிடத் தெளிவாக வெளிறியிருக்க வேண்டும். அது அமைந்துவிட்டால் எந்த நிறம் பூசினாலும் மலை பின்னால் போய்விடும்.

குழித்துறைக்காரி

ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். கைப்பேசி விளையாட்டுகளுக்குப் பின்னணிக் காட்சி வரைவது என் தொழில் என்பதால், பாலத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மாத்தூர் தொட்டிப்பாலம் 28 தூண்களின் மேல் நிற்கிறது. அதிகபட்ச உயரம் 115 அடி. அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது, மேலே நடப்பவர் தூணின் உயரத்தில் ஏறத்தாழ 20-ல் ஒரு பங்குதான் இருப்பார். உங்கள் ஓவியத்தில் பாலத்தின் மேல் நிற்பவரை அளந்து பார்த்தேன். அவர் தூணில் 6-ல் ஒரு பங்கு உயரம் இருக்கிறார். ஐந்தரை அடி ஆள் என்று கொண்டால் தூண் 33 அடிதான், அதாவது ஒரு மூன்று மாடி வீட்டின் உயரம். பாலம் சிறியதாகத் தெரிகிறது என்று சொன்னவர் அளவுகோல் வைத்துப் பார்க்கவில்லை, ஆனாலும் அவர் கண் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டது.

அதற்கு அவர் சொன்ன தீர்வு நிலைமையை இன்னும் மோசமாக்கும். ஒவ்வொரு கல்லையும் கோடு போட்டுத் தனித்தனியாகக் காட்டினால், அந்தக் கற்களை எண்ண முடிகிற தூரத்தில்தான் நாம் நிற்கிறோம் என்று கண் முடிவு செய்துகொள்ளும். பாலம் கோயில் மண்டபத்தில் வைக்கும் சிறிய மாதிரி வடிவத்தைப்போல் சுருங்கிவிடும். மாபெரும் கட்டடத்துக்குத் தொலைவில் கல் தெரியாது. மழைநீர் வழிந்த கறையும், தூணின் அடியில் கவிந்த ஈரப்புகையும், மேலே போகப்போக மங்கும் விளிம்பும்தான் தெரியும். எனவே ஆளைச் சிறியதாக்குங்கள், கல்லைக் குறையுங்கள்.

இளையவர்களுக்கு எழுதுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். "பாலம் சிறியது, பெரிதாக்கு" என்று எழுதுவதைவிட, "பாலத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு வீட்டு மாடியின் உயரம்தான் தோன்றியது, மேலே நிற்கும் ஆள் அதற்குக் காரணமாக இருக்கலாம்" என்று எழுதினால், வரைந்தவருக்கு யோசிக்க இடம் கிடைக்கும். ஒருவேளை அவர் சிறிய பாலத்தைத்தான் வரைய நினைத்திருப்பார், யாருக்குத் தெரியும்? அவருடைய படத்தின் மேலேயே திருத்தி வரைந்து காட்டுவதற்கு முன் அனுமதி கேளுங்கள். கேட்காமல் வரைந்து காட்டினால், சொல்ல வந்த பொருளை விட்டுவிட்டு யாருடைய கை நன்றாக இருக்கிறது என்ற போட்டியில் அது போய் முடியும். இன்னொன்று, அவர்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். உள்ளங்கை அளவு முன்வரைவில் இருக்கும்போது மலையை இடப்பக்கம் நகர்த்தச் சொன்னால் ஒரு நிமிட வேலை. புல்லின் நுனிவரை வரைந்து முடித்த பிறகு அதைச் சொல்வது மனத்தை நோகடிக்கத்தான் உதவும்.

ஆரல்வாய்க் காற்று

தோவாளை ஐயாவோடு ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். பார்ப்பவருக்குத் தோன்றியதை எப்போதும் நம்பலாம் என்பதற்கில்லை. புகைப்படம்போல் இருந்தால்தான் ஓவியம் என்று நினைப்பவரும், இருட்டே பிடிக்காதவரும் எல்லாக் குழுக்களிலும் உண்டு; அவர்களுடைய கருத்து உங்கள் ஓவியத்தைவிட அவர்களுடைய விருப்பத்தையே அதிகம் சொல்லும். எனவே இந்த ஓவியத்தில் என்ன உணர்வைக் கொண்டுவர முயல்கிறீர்கள் என்பதை, பகிரும்போதே ஒரு வரியில் எழுதிவிடுங்கள். நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்கு வாழ்பவை கருப்பொருள், அங்கு எழும் உணர்வு உரிப்பொருள் என்று நம் முன்னோர் வகுத்து வைத்ததைக் கற்பனை நிலத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். உரிப்பொருள் இன்னதென்று தெரிந்தால், கருத்துச் சொல்பவர் மற்ற இரண்டும் அதற்குத் துணை நிற்கின்றனவா என்று பார்த்துச் சொல்வார்.

நிலவைப் பற்றி: எடுத்துவிடச் சொன்னவருக்கு உறுத்தியதன் காரணம் எளியது. முழுநிலவு எப்போதும் சூரியனுக்கு எதிர்த்திசையில்தான் இருக்கும். சித்திரைப் பௌர்ணமியன்று குமரி முனையில் கூடும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். மேற்கே சூரியன் இறங்கும் வேளையில் கிழக்கே நிலவு எழுவதைக் காண, கழுத்தைத் திருப்பித்தான் ஆக வேண்டும். சூரியனுக்கு அருகில் இருக்கும் நிலவு மெல்லிய பிறையாகவும், அதன் ஒளிரும் விளிம்பு சூரியனைப் பார்த்தும் இருக்கும். கற்பனை உலகம்தானே என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றாலும், மலை மிதப்பதை ஏற்றுக்கொண்ட அதே கண் ஒளி தவறினால் உடனே முகம் சுளிக்கிறது. மலை மிதப்பது நீங்கள் வைத்த விதி என்பது பார்ப்பவருக்குப் புரிகிறது, நிலவு அப்படி இருப்பது கவனக்குறைவாகத் தெரிகிறது.

நிழல் போடச் சொன்னவரும் பாதி சரிதான். மலை எவ்வளவு உயரத்தில் மிதக்கிறது என்பது உங்கள் ஓவியத்தில் தெரியவில்லை. ஆனால் அடிவானத்தைத் தொடும் சூரியனுக்கு நிழல் நேர் கீழே விழாது, நெடுந்தூரம் தள்ளிப் போய்விடும். நேர் கீழே தெரிய வேண்டியது நீரில் விழும் பிம்பம். அந்தப் பிம்பத்தில் மலையின் அடிவயிறு, நேரில் பார்ப்பதைவிடக் கூடுதலாகத் தெரிய வேண்டும். ஏனென்றால் பிம்பம் என்பது நீர்மட்டத்துக்குக் கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பதற்குச் சமம். மேலே வரைந்ததை அப்படியே தலைகீழாகப் புரட்டி ஒட்டினால் தவறாகிவிடும். உங்கள் ஓவியத்தில் இப்போது பிம்பமே இல்லை.

"அருமை" என்றவர்களையும் வீணாக்காதீர்கள். "முதலில் உங்கள் கண் எங்கே போனது?" என்று ஒரே ஒரு கேள்வியை அவர்களிடம் கேளுங்கள், அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியும்.

மணக்குடிக் காயல்

மூவருக்கும் நன்றி. நீலத்தை நீக்கி, பின்மலைகளின் கருப்பை வெளிறச் செய்து, செம்மஞ்சள் மூட்டத்தை ஏற்றியதும் மூன்றாம் மலை தன் இடத்துக்குப் போய்விட்டது. நிலவைப் பிறையாக்கிவிட்டேன். பிம்பம் வரைவதில்தான் அதிக நேரம் பிடித்தது. அடிவயிற்றுப் பாறைகளைப் புதிதாகவே வரைய வேண்டியிருந்தது.

ஆளைச் சிறியதாக்கும் யோசனையை மட்டும் அப்படியே ஏற்கவில்லை, குழித்துறை அக்கா மன்னிக்க வேண்டும். 20-ல் ஒரு பங்காக்கியதும் அவர் தூசியைப்போல் ஆகிவிட்டார். இந்த ஓவியத்தில் ஊருக்குத் திரும்பும் ஒருவரின் தனிமை தெரிய வேண்டும் என்பது என் எண்ணம். ஆகவே பாலத்தின் மேலிருந்தவரை எடுத்துவிட்டு, நடுத்தூணின் அடியில் ஒரு சிறு வள்ளத்தையும், முன்புறக் கரையில் நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஒருவரையும் வைத்தேன். வள்ளம் தூணின் உயரத்தைச் சொல்கிறது, கரையில் நிற்பவர் உணர்வைச் சொல்கிறார். கேட்டுப் பார்த்ததில், "அருமை" என்றவர்களில் பலருக்கும் முதலில் கண் போனது வள்ளத்துக்குத்தான். கரையில் நிற்பவர் இரண்டாவதாகத்தான் வருகிறார், அதை இனிமேல் பார்க்க வேண்டும்.

இளையவர் ஒருவரின் அருவி ஓவியத்துக்கு, "திற்பரப்பைப்போல் பக்கத்தில் நின்று குளிக்கலாம் என்று தோன்றுகிறது, மலையளவு உயரத்திலிருந்து விழுவதாக நீங்கள் நினைத்திருந்தால், நீர் கீழே வருவதற்குள் சிதறிப் புகையாகியிருக்குமோ?" என்று எழுதினேன். அன்றே திருத்தி அனுப்பிவிட்டார்.

இப்போது ஒரு புதுச் சிக்கல். என் கணினித் திரையில் சரியாகத் தெரியும் ஓவியம், கைப்பேசியில் பார்ப்பவர்களுக்கு ஒரே இருட்டாகத் தெரிகிறதாம். இதையும் அவர்களுடைய விருப்பம் என்று தள்ளிவிடலாமா?

குழித்துறைக்காரி

வள்ளம் நல்ல முடிவு, மன்னிப்பெல்லாம் எதற்கு? இருட்டைப் பற்றிய புகாரைத் தள்ளிவிட வேண்டாம். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வரைந்தால், இருண்ட நிறங்கள்கூடக் கண்ணுக்குப் போதிய வெளிச்சமாகத் தோன்றும். கை தானாகவே இருட்டை நோக்கிப் போய்விடும். அறையில் ஒரு விளக்கு எரியட்டும், திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறையுங்கள். பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிற அமைப்பில் ஒரு பிரதியைச் சேமித்து, உங்கள் கைப்பேசியிலேயே பகல் வெளிச்சத்தில் திறந்து பாருங்கள். சொன்னவர்களிடம் எந்த இடம் தெரியவில்லை என்றும் கேளுங்கள். பெரும்பாலும் தூண்களின் அடியும் நீரும் ஒன்றோடொன்று கலந்து போயிருக்கும். அந்த இடத்தை மட்டும் சற்று வெளிச்சமாக்கினால் போதும், ஓவியம் முழுவதையும் வெளுக்க வைத்துவிடாதீர்கள்.