மலருக்குக் கேட்ட மர்மக் கதை

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். பொங்கல் மலருக்கு எழுதித் தரச் சொல்லி மலர்க்குழு அண்ணன் மூன்று முறை நினைவுபடுத்திவிட்டார். "நீ ஸ்காட்லாந்தில் இருக்கிறாய். குளிர், மூடுபனி, பழைய துறைமுகம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. ஒரு துப்பறியும் கதை எழுது" என்று நம்ம குழுவில் உத்தரவு. அதற்குக் கீழேயே ரியாத் மச்சான் "கொலை கண்டிப்பாக வேண்டும்" என்று பதில் போட்டிருந்தார். முயன்று பார்த்தேன். நாலு பக்கம் எழுதி நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்பதை எழுதுகிறேன், இதையே மலருக்கு எடுத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்.

கதைக்கு நான் பிடித்த ஊர் குரோவி. எழுதுவது அப்படி, அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்வது கிரிவி. அபர்தீனுக்கு வடக்கே, செங்குத்தான மேட்டின் அடியில், ஒற்றை வரிசை வீடுகள். பாதி வீடுகள் கடலுக்கு முகம் காட்டாமல் பக்கச் சுவரைக் காட்டிக்கொண்டு நிற்கும், காற்றுக்குத் தோள் கொடுத்த மாதிரி. வீட்டுக்கும் அலைக்கும் நடுவே ஒரு நடைபாதை, அவ்வளவுதான். கார் நுழையாது. ஊர் முனையில் வண்டியை விட்டுவிட்டு, மளிகைச் சாமானோ மெத்தையோ, எல்லாவற்றையும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். 1953 ஜனவரி 31 அன்று வந்த புயல் அந்தப் பாதையையும் சில வீடுகளையும் அடித்துக்கொண்டு போனது. அதற்கப்புறம் பல குடும்பங்கள் ஊரைக் காலி செய்துவிட்டன. இப்போது பெரும்பாலும் விடுமுறைக்கு வந்து தங்குகிறவர்களின் வீடுகள். போன நவம்பரில் மாலை நாலு மணிக்கு, இருட்டிய பிறகு, எத்தனை சன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ணினேன். மூன்று. 2004-க்கு அப்புறம் நம்ம கடற்கரைத் தெருவைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

சரி, அந்த ஊரில் ஒரு பிணத்தைக் கரை ஒதுக்கினேன். ஒரு இன்ஸ்பெக்டரை வரவழைத்தேன். மழை பெய்தது. அவர் வீடு வீடாகக் கதவைத் தட்டினார். மூன்றாவது வீட்டிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீன்பிடிக்கும் ஊரில் யாருக்கு என்ன தெரியாது? எந்தப் படகு எத்தனை மணிக்குக் கரை பிடித்தது, எவன் வலை கிழிந்தது, எவன் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் விடிவதற்குள் ஊர்ச் சொத்து. அங்கே துப்பறிவாளருக்கு வேலையே இல்லை. தெரிந்த ஒன்றை ஒரு ஊர் எத்தனை வருஷம் வாய் திறக்காமல் வைத்திருக்கும் என்பதுதான் அங்கே மர்மம். அந்த மர்மம் இங்கே நிஜமாகவே நடந்தது, பீட்டர்ஹெட் துறைமுகத்திலும் ஷெட்லாந்துத் தீவின் லெர்விக்கிலும், கணக்கில் காட்டாத மீன் விஷயத்தில்.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். இந்த நூற்றாண்டுத் தொடக்கத்தில் வட கடலில் காட் மீன் அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. ஒதுக்கீட்டை வெட்டினார்கள், கடலுக்குப் போகும் நாட்களை வெட்டினார்கள், கடைசியில் அரசாங்கமே பணம் கொடுத்துப் படகுகளை உடைக்கச் சொன்னது. அப்பன் கட்டிய படகை மகன் உடைக்கக் கொடுத்துவிட்டுக் காசோலை வாங்கிய காலம். வெள்ளை மீன் என்று இவர்கள் சொல்லும் காட், ஹேடக் பிடிக்கும் குடும்பங்கள் நொடிந்தன. அதே துறைமுகத்தில், நாலு கயிறு தள்ளி, இன்னொரு கூட்டம் கட்டிப்போட்டிருந்தது: கானாங்கெளுத்தியும் ஹெர்ரிங்கும் பிடிக்கும் பெரிய கப்பல்கள். 60 மீட்டர், 70 மீட்டர் நீளம். உள்ளே குளிரூட்டிய கடல்நீர்த் தொட்டிகள். ஒரே நடையில் பல நூறு டன் கொண்டுவரும்.

அந்த மீனைக் கரையில் இறக்குவதைப் பார்க்க வேண்டும். கூடை கிடையாது, தலைச்சுமை கிடையாது, "ஏலா, பிடி" என்ற சத்தம் கிடையாது. யானைத் துதிக்கை மாதிரி ஒரு தடித்த ரப்பர்க் குழாய் தொட்டிக்குள் இறங்கும். பம்ப் உறுமும். மீனும் தண்ணீருமாக இழுத்து நேராக ஆலைக்குள் தள்ளும். தண்ணீரை வடித்துவிட்டு ஓடும் பெல்ட்டில் மீன் போகும், போகும்போதே தராசு எடை காட்டும். இந்த ஊர்க் கானாங்கெளுத்தி நம்ம கானாங்கெளுத்திக்குப் பெரியப்பா பிள்ளை. முதுகில் நீலமும் பச்சையுமாகக் கரும் வரிகள் நெளியும், குழம்பு வைத்தால் கொழுப்பு மேலே ஒரு விரல் நிற்கும். பெல்ட்டில் அது போகும்போது ஆறு ஓடுகிற மாதிரி இருக்கும்.

எடைதான் இங்கே எல்லாமும். ஒவ்வொரு கப்பலுக்கும் வருஷத்துக்கு இத்தனை டன் என்று ஒதுக்கீடு. பிடித்ததைக் கப்பல் தலைவர் பதிவேட்டில் எழுத வேண்டும், இறக்கியதை எடை போட்டுக் காட்ட வேண்டும், ஒதுக்கீடு தீர்ந்தால் கயிற்றைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். 2002 முதல் 2005 வரை நடந்தது என்னவென்றால், பெல்ட்டில் ஓடிய ஆற்றில் ஒரு பகுதி காகிதத்துக்கு வரவே இல்லை. நாம் கறுப்புப் பணம் என்கிறோம், இவர்கள் கறுப்பு மீன் என்கிறார்கள். ஷெட்லாந்து, பீட்டர்ஹெட் இரண்டு பக்கமும் சேர்த்து அதன் மதிப்பு கிட்டத்தட்ட 6.3 கோடி பவுண்டு.

எப்படி மறைத்தார்கள் என்ற இடத்தில்தான் என் நாலு பக்கக் கதையை நான் கிழித்தேன். அதிகாரி பார்க்கும் தராசுக்கு அவர் பார்க்க வேண்டிய எடை. உண்மை எடைக்கு மறைவாக வேறு தராசு. பீட்டர்ஹெட் ஆலை ஒன்றில் மீனைத் திருப்பிவிடப் பூமிக்கடியில் தனிக் குழாயே பதித்திருந்தார்கள், அதை இயக்கத் தனிக் கணினி. ஒளித்துவைத்த இடத்தின் மேல் "அபாயம்: உயர் மின்னழுத்தம்" என்று பலகை! நம்ம டிரான்ஸ்ஃபார்மரில் மண்டை ஓடு போட்டுத் தொங்குமே, அந்த வகை. பாருங்கள், எந்த அதிகாரியும் கை வைக்க மாட்டான். இதை நான் கதையில் எழுதியிருந்தால் மலர்க்குழு அண்ணனே "நம்பும்படி இல்லையே தம்பி" என்று வெட்டியிருப்பார்.

என் பிழைப்பு உங்களுக்குத் தெரியும், எண்ணெய் மேடைகளின் குழாயும் வால்வும். பழைய வால்வைக் கழற்றி அதே அளவில் புதிது போடவே எனக்கு வரைபடம், பெர்மிட், வெல்டர், சோதிக்கிறவர், கையெழுத்துப் போட நாலு பேர் வேண்டும். அதனால் அந்தக் குழாயைப் பற்றிப் படித்ததும் திருடனைவிட்டுவிட்டு வேலையாட்களை எண்ண ஆரம்பித்துவிட்டேன். தோண்டியவன் ஒருவன். மண் அள்ளிய வண்டிக்காரன். குழாய் இறக்கிய லாரிக்காரன். இணைப்பை இறுக்கியவன், மின்கம்பி இழுத்தவன், கணினிக்கு நிரல் எழுதியவன், பலகையைத் திருகி மாட்டியவன். இரண்டு கை விரலும் போதவில்லை. இவர்களுக்கெல்லாம் பெண்டாட்டி, மச்சினன், மதுக்கடைச் சிநேகிதன் இல்லையா? வீட்டில் சொன்னது தெருவுக்குச் சொன்னது. இது என் கணக்கு, கோர்ட்டுக் கணக்கு இல்லை.

இன்னொன்றும் உண்டு. அப்பா நம்ம கரையில் ஏலம் கூவியது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். படகு இன்னும் கரை தொட்டிருக்காது, தண்ணீருக்கு மேலே எத்தனை பலகை தெரிகிறது என்று பார்த்தே "இன்னிக்கு நல்ல பாடு", அதாவது நிறைய மீன், என்று சொல்லிவிடுவார். ஒரு தடவைகூடப் பிசகியதாக எனக்கு நினைவில்லை. 70 மீட்டர்க் கப்பல் வயிறு முட்ட அமிழ்ந்து துறைமுகத்துக்குள் வருவதும் இலேசாகி மிதந்து நிற்பதும் கரையில் சுருட்டுப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவனுக்குத் தெரியாதா? காகிதத்தில் என்ன எழுதினார்கள் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியாது.

துப்பறிந்தவர்கள் தொப்பி போட்டவர்கள் இல்லை, கணக்குப் பார்ப்பவர்கள். கப்பல் சொன்ன எடைக்கும் ஆலை விற்ற எடைக்கும் ஒத்துப்போகவில்லை. கறுப்பு மீனை உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினாலும் அதற்கும் ஒரு பில் உண்டே! 2005-இல் மீன்வளப் பாதுகாப்பு அதிகாரிகள் ஆலைகளுக்குள் நுழைந்தார்கள், அப்புறம் போலீஸ். விசாரணைக்கு ஆபரேஷன் டிராலர் என்று பெயர். அதே வருஷம், கரையில் முதல் தடவையாக விற்கும் மீனை வாங்குகிறவரும் விற்கிறவரும் பதிவு செய்தே தீர வேண்டும் என்று சட்டம் வந்தது. பதிவில்லாத மீனை வாங்க ஆள் இல்லாமல் போனது. அதிகமாகப் பிடித்ததை அடுத்து வந்த ஆண்டுகளின் ஒதுக்கீட்டில் கழித்தார்கள்.

வழக்கு இழுத்தது. 2012 பிப்ரவரியில் கிளாஸ்கோ உயர் நீதிமன்றத்தில் 17 கப்பல் தலைவர்களுக்கும் ஒரு ஆலைக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 10 லட்சம் பவுண்டு அபராதம். லாபத்தைப் பறிமுதல் செய்யும் உத்தரவுகள் தனி. இந்தத் தொழிலுக்கே இது வெட்கக்கேடு என்று நீதிபதி சொன்னார். யாரும் சிறைக்குப் போகவில்லை. பீட்டர்ஹெட்டில் சிறை ஒன்று இருந்ததே அலைத் தடுப்புச் சுவர் கட்டத்தான். 1888-இல் திறந்து, கைதிகளைக் கொண்டு கல் உடைத்து, 1956 வரை கட்டினார்கள். கறுப்பு மீன் ஏற்றிவந்த கப்பல்கள் அந்தச் சுவரைத் தாண்டித்தான் உள்ளே வந்திருக்கும்.

எனக்கு உறுத்தியது வேறு. உடைக்கக் கொடுத்த படகுக்காரன் ஒரு பெட்டி ஹேடக்கைக் கள்ளத்தனமாக விற்றிருந்தால் நானே அவனுக்குச் சாட்சி சொல்லப் போயிருப்பேன். இவர்கள் அப்படி இல்லை. நன்றாகவே வாழ்ந்தவர்கள், இன்னும் நன்றாக வாழப் பார்த்தார்கள். நீதிபதியும் அதைத்தான் சுட்டினார். அப்படியென்றால் நொடிந்துபோன பக்கத்து வீட்டுக்காரன் ஏன் வாயைத் திறக்கவில்லை? நம்ம ஊரில், மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலைச் சண்டையில் யார் யார் பேசினார்கள், யார் யார் பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வரும் என்று சும்மா இருந்தார்கள் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. குழுவில் இரண்டு பக்கத்து ஆட்களும் இருக்கிறீர்கள்.

போன மாதம் பீட்டர்ஹெட்டில் ஒரு டீக்கடையில் எண்பது தாண்டிய பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்தேன். இந்தப் பக்கத்துப் பேச்சில் "ஃபிட் லைக்?" என்றால் சௌக்கியமா, "நே பேட்" என்றால் ஏதோ போகிறது. அது முடிந்து மழை, பேரன், இடுப்பு வலி என்று ஓடியது. கறுப்பு மீன் என்று மெல்ல எடுத்தேன். அவர் பேச்சை நிறுத்தி, குனிந்து, மேசையின் இரும்புக் காலைத் தொட்டார். "கோல்ட் ஐயன்" என்றார். கடலோடிகள் முன்னால் சால்மன் என்ற மீனின் பெயரைச் சொல்லிவிட்டால் தோஷம் கழிய இவர்கள் இரும்பைத் தொட்டுச் சொல்லும் சொல் அது. நம்ம தாத்தாக்கள் கிளம்பும்போது "எங்கே போறே" என்று யாராவது கேட்டால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்களே, அந்த மாதிரி. நான் சால்மன் என்று சொல்லவே இல்லை. கேலிக்குச் செய்தாரா, நிஜமாகவே செய்தாரா என்று முகத்தைப் பார்த்தேன். டீக்கு அவரே காசு கொடுத்தார். வெளியே வந்து குல்லாயைச் சரிசெய்துகொண்டு, துறைமுகத்தில் நின்ற ஒரு பெரிய கப்பலைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அப்பா பார்ப்பது போலவே, தண்ணீர் தொடும் கோடு எங்கே இருக்கிறது என்று.

பக்கம் கூடினால் குரோவிப் பத்தியை வெட்டிக்கொள்ளுங்கள் அண்ணே, குழாயை வெட்ட வேண்டாம். மச்சானுக்குக் கொலை அடுத்த மலரில்.

அன்புடன்,
அபர்தீனிலிருந்து ஏலக்காரர் மகன்