ஏரியில் மோட்டார் படகுப் போட்டி: பரிசல்களை என்ன செய்வது?

வணக்கம் உறவுகளே. கிருஷ்ணகிரி பக்கத்துல எங்க ஊர் ஏரியில சின்னதா ஒரு மோட்டார் படகுப் போட்டி வைக்கப் பேசிட்டிருக்காங்க. தண்ணிமேல போக்குவரத்தைப் பார்த்துக்கிற வேலை என் தலையில விழுந்திருக்கு. அனுமதிக் கடிதமெல்லாம் வேற ஆள் பாத்துக்கிறாங்க.

ஓட்டுறவங்களைப் பத்திப் பெரிய பயமில்லை. லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், ஆள் தெறிச்சு விழுந்தா இன்ஜினை அணைக்கிற கில் கார்டு எல்லாம் கட்டாயம்னு சொல்லியாச்சு. சிவப்புக் கொடி காட்டினா போட்டி நிக்கணும்.

பயம் பரிசலுக்குத்தான். மீன் பிடிக்கிற அண்ணன்மார் விடியறதுக்குள்ள வலை போட்டிருப்பாங்க. வேகப் படகு கிளப்புற அலை பக்கவாட்டுல அடிச்சா பரிசலுக்குள்ள தண்ணி ஏறிடும். வலை நூல் புரொப்பல்லர்ல சுத்தினா படகும் நடு ஏரியில நின்னுடும், வலையும் போச்சு. அன்னைக்கு வலை போடாதீங்கன்னா அவங்க கூலிக்கு யார் பொறுப்பு? (இதைக் கேட்டா கமிட்டிக்காரங்க டீ குடிக்க எழுந்துடுறாங்க.)

மிதவை கட்டி எல்லை போட்ட அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க: பந்தயப் பாதைக்கும் கரைக்கும் எவ்வளவு இடைவெளி விட்டீங்க? மீட்புப் படகை எங்கெங்க நிறுத்தினீங்க, வளைவுலயா, கிளம்புற இடத்துலயா? ஒகேனக்கல்ல பரிசல் ஓட்டுறவங்க யாராவது இருந்தா, அலை வந்தா பரிசலை எப்படித் திருப்புவீங்கன்னும் எழுதுங்க.