குதிரை ஏற்றிய வண்டியில் தங்கும் அறை தீப்பிடித்தால்? ஒயரிங், இறக்கும் வழி, புகை குடித்த குதிரை: உதவி வேணுங்க

கொடுமுடிக் குதிரைக்கட்டு கேட்டது:

வணக்கமுங்க. வண்டி 14 அடி பாடி. கேபினை ஒட்டி 5 அடியைப் பிளைவுட் வெச்சுத் தடுத்து ஆள் தங்குற அறை. அதுக்குப் பின்னாடி ரெண்டு குதிரை, முகம் முன்பக்கம் பார்த்து நிக்கும். அறைக்குள்ள நுரை மெத்தை, 850 விஏ இன்வெர்ட்டர், 5 கிலோ கேஸ் சிலிண்டர், அடுப்பு. 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி வெளியே சேஸிஸ் ஓரத்துல இருக்கு. அங்கிருந்து இன்வெர்ட்டருக்கு 12 அடி, 6 ஸ்கொயர் (சதுர மிமீ) ஒயர். ஃபியூஸ் இல்லை. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர்ல இருந்து சார்ஜ் ஆகும் (வண்டியும் 12 வோல்ட்).

நேத்து ஓடிட்டிருக்கும்போதே அந்த ஒயர் தகடு ஓட்டையில உருகித் தீப்பிடிச்சு, மெத்தை ஓரம் எரிஞ்சிருச்சு. அணைச்சாச்சு. குதிரைக்குத் தீக்காயம் இல்லை, பெட்டைக்கு மட்டும் இன்னைக்கு இருமல். இளங்குதிரை வண்டியை விட்டு இறங்கவே மறுத்துச்சு. ஆடியில அந்தியூர் குருநாதசாமி சந்தைக்குப் போகணும். ஒயரிங் எப்படி மாத்தறது, அடுத்த தடவை தீன்னா எந்த வரிசையில என்ன செய்யறது, சொல்லுங்க.

---

கால்நடை மருத்துவர், நாமக்கல் பக்கம்:

ஒயரிங் அப்புறம். முதலில் இருமலைப் பாருங்கள்.

நுரை மெத்தை எரிந்த புகையில் கார்பன் மோனாக்சைடோடு சயனைடு வாயுவும் இருக்கும். மூச்சுக்குழாய் உள்ளே வெந்திருந்தால் அது உடனே தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் நுரையீரலில் நீர் கோக்கும், அதற்குப் பிறகு சளிக்காய்ச்சல் வரலாம். அதனால் "நேற்று நல்லா இருந்துச்சே" என்று விட்டுவிடாதீர்கள்.

72 மணி நேரம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதி வையுங்கள். நின்ற நிலையில் மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16 வரை இருக்க வேண்டும். விலா ஓரம் ஏறி இறங்குவதை எண்ணினால் போதும். நாடித்துடிப்பு 28 முதல் 44, தாடை எலும்பின் கீழ் ஓரத்தில் விரல் வைத்தால் கிடைக்கும். ஆசனவாய் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். மூச்சு 24-ஐத் தாண்டினாலோ, நாசி விரிந்து வயிறு இழுத்தாலோ, மூக்கில் நுரை வந்தாலோ, ஈறு செங்கல் சிவப்பாகவோ நீலமாகவோ மாறினாலோ காத்திருக்க வேண்டாம். 1962-க்கு (கால்நடை ஆம்புலன்ஸ்) அழையுங்கள், இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.

தீனி: சோளத்தட்டோ வைக்கோலோ, தண்ணீரில் நன்றாக நனைத்துத் தரையில் போடுங்கள். தலை தாழ்ந்தால் சளி வடியும், தூசியும் ஏறாது. வாயில் எண்ணெய், கஷாயம் எதையும் ஊற்ற வேண்டாம். இருமும் குதிரைக்கு அது நேராக நுரையீரலுக்குப் போகும். கண்ணை மூடி மூடித் திறந்தால் சலைன் விட்டுக் கழுவலாம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள், கருவிழியில் புண் இருந்தால் அது பெரிதாகும்.

மூச்சுக்குழாய் கெட்டது உறுதியானால் 4 முதல் 6 வாரம் ஓட்டம் கூடாது, வண்டிப் பயணமும் கூடாது. ஆடிச் சந்தை அதற்குள் வந்தால் பெட்டையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

---

சங்ககிரி லாரி எலக்ட்ரீசியன்:

ஒயர் ஏன் எரிஞ்சதுங்கிறது கணக்குலயே தெரியுதுங்க. 850 விஏ முழு லோடுல 700 வாட். 12 வோல்ட்ல, இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தா 70 ஆம்பியர் பக்கம். போக வர 24 அடி, 6 ஸ்கொயர்ல ஒன்றரை வோல்ட்டுக்கு மேல அந்த ஒயர்லயே விழுது. அதாவது 110 வாட் சூடு, பிளைவுட்டை ஒட்டியே. கூடவே தகடு ஓட்டையில ரப்பர் குரோமெட் (ஓட்டை ஓரத்துல மாட்டுற வளையம்) இல்லாம உறை அறுபட்டு பாடியில தொட்டிருக்கும். ஃபியூஸ் இருந்தா அந்த நிமிஷமே போயிருக்கும். இல்லாததால பேட்டரி இருக்கிற அத்தனை கரன்ட்டையும் ஒயர் வழியா தள்ளிருச்சு.

ரெண்டு வழி இருக்கு.

எனக்குச் சரின்னு படறது, இன்வெர்ட்டரையே எடுத்துடறது. 12 வோல்ட் டிசி ஃபேன் ரெண்டு, எல்இடி லைட், போன் சார்ஜர், எல்லாம் சேர்ந்து 90 வாட், 8 ஆம்பியர்கூட வராது. 4 ஸ்கொயர் ஒயர், 15 ஆம்பியர் ஃபியூஸ் போதும். மிக்ஸிக்காக இவ்வளவு பெரிய கரன்ட்டை வைக்கோலுக்குப் பக்கத்துல ஓட்ட வேண்டியதில்லை, சட்னியை வீட்டுலயே அரைச்சுக்கொண்டு போங்க.

இன்வெர்ட்டர் வேணும்னா அதைப் பேட்டரிக்குப் பக்கத்துல வெளியே கொண்டு போங்க. மூணு அடிக்குள்ள 16 ஸ்கொயர்; 12 அடியேதான் இழுக்கணும்னா 25 ஸ்கொயருக்குக் குறையக் கூடாது. பேட்டரி பிளஸ்ல இருந்து ஒரு சாணுக்குள்ள ஃபியூஸ் வரணும். 25 ஸ்கொயருக்கு 100 ஆம்பியர், 16 ஸ்கொயருக்கு 80. வீட்டு ஏசி கரன்ட்டுக்கான எம்சிபி (ட்ரிப் ஸ்விட்ச்) போட்டுச் சமாளிக்க வேண்டாம், அது டிசிக்கானது இல்லை. பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒரே பெட்டிக்குள்ளயும் வேண்டாம்: சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், இன்வெர்ட்டர் ரிலே பொறி தட்டும். நடுவுல தகடு வெச்சு, பேட்டரிப் பக்கம் மேலே துளை போடுங்க.

ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஒயரை யாரும் கவனிக்கறதில்லை. அதுல ரெண்டு முனையிலும் ஃபியூஸ் வேணும், ஏன்னா ரெண்டு பக்கமும் பேட்டரி. ஒண்ணை வெட்டினாலும் இன்னொண்ணு ஊட்டும். பேட்டரியைத் துண்டிக்கிற கட்-ஆஃப் ஸ்விட்சை வெளியே, தரையில நின்னு கை எட்டுற இடத்துல வைங்க.

வேலை முடிஞ்சதும் முழு லோடுல கால் மணி நேரம் ஓட்டிட்டு, பேட்டரி முனையிலும் இன்வெர்ட்டர் முனையிலும் மல்டிமீட்டர் வைங்க. 0.4 வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் வந்தா லக்கோ (ஒயர் முனையில மாட்டுற உலோகக் கொக்கி) ஒயரோ சரியில்லை. லக்கைக் கிரிம்ப் பண்ணணும் (கருவியால அழுத்தி இறுக்கணும்), முறுக்கி டேப் சுத்தறது ஆகாது.

---

தீயணைப்புப் பணி ஓய்வு, ஈரோடு:

அறையில் இருக்கும் பொருள்களைப் பற்றி முதலில். சிலிண்டர் அறைக்குள் இருக்கவே கூடாது. கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் படுத்து வைக்கோலுக்குள் போய்த் தங்கும். வண்டிக்கு வெளியே, நிமிர்ந்த நிலையில், அடியில் துளை போட்ட இரும்புப் பெட்டிக்குள் வையுங்கள். ஓடும்போது ரெகுலேட்டர் கழற்றியிருக்க வேண்டும். குழாய் ஐஎஸ்ஐ முத்திரையோடு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றியது. கசிவைச் சோப்பு நுரையில்தான் பார்க்க வேண்டும். அடுப்பைக் கீழே இறக்கி, வைக்கோலிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி வையுங்கள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கே இருந்து அடிக்கும், அம்மியே பறக்கும் காற்று. அதனால் அடுப்பு வண்டிக்குக் கிழக்கே இருக்கட்டும், பொறி வண்டிப் பக்கம் வராது.

பிளைவுட் தடுப்புக்குப் பதில் இரண்டு இரும்புத் தகடு, நடுவில் 50 மிமீ ராக்வூல் (தீப்பிடிக்காத பாறைப் பஞ்சு), மேலே இடைவெளி இல்லாமல். நுரை மெத்தையை எடுத்துவிடுங்கள். குதிரைக்கு மேல் பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம், எரிந்து சொட்டும் பிளாஸ்டிக் தோலில் ஒட்டிக்கொண்டு உரியும்.

6 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான் இரண்டு: ஒன்று டிரைவர் கேபினில், ஒன்று பின்டோருக்கு வெளியே. மாதம் ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்து ஆட்டுங்கள், வண்டி அதிர்வில் பவுடர் அடியில் கட்டிப் போயிருக்கும். முள் பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள். ஆறு கிலோ என்றாலும் பீய்ச்சுவது சுமார் 15 வினாடிதான், அதனால் சுடரின் மேல் அடித்து வீணாக்காமல் அடியில் அடியுங்கள். வைக்கோலில் பவுடர் சுடரை அடக்கும், உள்ளே கங்கு இருக்கும். கலைத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால்தான் அணையும், அதற்குக் குதிரைக்குக் கொண்டு போகும் தண்ணீர்க் கேனே போதும். ஆனால் கட்-ஆஃப் போட்டு, இன்வெர்ட்டர் நின்ற பிறகு.

சாலையில் வரிசை இதுதான். இடது ஓரம், ஹேண்ட்பிரேக், எஞ்சின் நிறுத்தம், கட்-ஆஃப். ஒருவர் 101 அல்லது 112-ஐ அழைத்து, ஊர்ப்பெயரும் கிலோமீட்டர் கல்லும் சொல்ல வேண்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் அதன் உதவி எண் 1033-க்கும் ஒரு அழைப்பு. அதே நேரம் மற்றவர் பின்டோருக்கு. தீயணைப்பான் இந்த வேலைக்கு நேரம் வாங்கித் தரத்தான். தீ இடுப்பளவைத் தாண்டினால் அதைக் கீழே போட்டுவிட்டுக் குதிரையைப் பாருங்கள். அறைக் கதவைப் புறங்கையால் தொடுங்கள், சுட்டால் திறக்காதீர்கள், திறந்தால் காற்று புகுந்து குப்பென்று பற்றும். சிலிண்டர் உடலையே தீ நக்கிக்கொண்டிருந்தால் எல்லோரும் 100 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். அப்போது குதிரைக்காகவும் உள்ளே போகக் கூடாது.

---

தாராபுரம் லாயம்:

மேலே சொன்னது எல்லாம் சரிதானுங்க. ஆனா உங்க வண்டியில பெரிய கோளாறு ஒயர் இல்லை, குதிரை நிக்கிற திசை. முகம் முன்னாடி இருந்தா கயிறு அவிழ்க்க நீங்க தீப்பக்கமே போகணும், குதிரையும் பின்னோக்கி நடந்து இறங்கணும். திருப்பி நிறுத்துங்க. முகம் பின்டோர்ப் பக்கம், மார்பு உயரத்துல ஒரு இரும்புப் பைப், வெளியே நின்னே கை எட்டுற மாதிரி வளையம். தீப்பிடிச்சாலும் ஆள் உள்ளே ஏறாம தலைக்கயிறை அவிழ்க்கலாம், குதிரையும் தலை நேரா இறங்கும்.

வளையத்துல நேரா கட்டாதீங்க. வளையத்துல மெல்லிசா சணல் கயிறு ஒரு சுத்து, அந்தச் சணல்ல தலைக்கயிறு, ஒரே இழுப்புல அவிழ்ற முடிச்சு. குதிரை மிரண்டு இழுத்தா அந்த முடிச்சும் இறுகிரும், அப்போ சணல் அறும். பல்லு வெச்ச கத்தி ஒண்ணை பின்டோர் வெளிப்பக்கம் உறையோட கட்டி வைங்க. நைலான் தலைக்கயிறு சூட்டுல உருகி மூக்கோட ஒட்டும், பருத்தியோ தோலோ போடுங்க.

இறக்கும்போது முதல்ல கயிறை அவிழ்த்துக் கையில பிடிச்சுட்டு, அப்புறம்தான் பைப்பை எடுக்கணும். மாத்திச் செஞ்சா கட்டோட பாய்ஞ்சு கழுத்து முறியும். வெளிய வந்ததும் காத்து வர்ற பக்கமா, ரோட்டை விட்டு இறங்கி, 12 அடிக் கயிறுல ரெண்டையும் சேர்த்தே நிறுத்துங்க. இறக்கின உடனே பின்டோரை மூடணும்ங்க. பயந்த குதிரை தெரிஞ்ச இடத்துக்குத்தான் ஓடும், எரியற வண்டிக்குள்ளயே திரும்ப ஏறும்.

---

கொடுமுடிக் குதிரைக்கட்டு:

ரொம்ப நன்றிங்க. பெட்டைக்கு மூச்சு 18 இருக்குங்க, காய்ச்சல் இல்லை. டாக்டர் நாளைக்குக் காலையில வர்றார். இளங்குதிரை இறங்க மறுக்குதே, கண்ணைத் துணியால கட்டலாமுங்களா? வண்டித் தரை மூன்றரை அடி, சாய்வுப் பலகை 8 அடி.

---

தாராபுரம் லாயம்:

கண்ணைக் கட்டறது எல்லாக் குதிரைக்கும் ஒத்து வராதுங்க. சிலது அப்படியே உறைஞ்சு நின்னுரும். தீயில முதல் தடவையா முயற்சி பண்ணாதீங்க. சந்தைக்கு முன்னாடி வீட்டுல, டார்ச் வெளிச்சத்துல, ஈரத் துண்டு போட்டும் போடாமலும் இறக்கிப் பழக்குங்க. எது ஒத்து வருதோ அதை மட்டும் வெச்சுக்கோங்க.

மறுக்கறதுக்குக் காரணம் உங்க பலகைங்க. மூன்றரை அடிக்கு 8 அடிப் பலகைன்னா 26 டிகிரி சாய்வு, குளம்பு வழுக்கும். 10 அடியாக்கினா 20 டிகிரிக்கு வரும். மேலே தேங்காய் நார் மேட்டு அடிச்சு, ஒரு அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம். இளசை முதல்ல இறக்க முயற்சி பண்ணாதீங்க, பெட்டை இறங்கினா அது பின்னாடியே வரும். அதனால பெட்டையை முதல்ல இறக்குங்க.

---

தீயணைப்புப் பணி ஓய்வு, ஈரோடு:

ஒன்று சேர்க்கிறேன். கர்நாடகத்திலிருந்து திம்பம் மலைப்பாதையில் இறங்கி வரும் குதிரை வண்டிகளுக்கும் இது பொருந்தும். 27 கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கிலேயே இறங்கினால் டிரம் சிவந்து டயர் புகையும். கீழ் கியரில் எஞ்சின் பிரேக்கோடு இறங்குங்கள். பண்ணாரி வந்ததும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கை காட்டிப் பாருங்கள், ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்தப் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. டயர் எரிந்தால் பவுடர் போதாது, நிறையத் தண்ணீர் வேண்டும், அணைந்த பிறகும் மறுபடி பற்றும். பக்கவாட்டில் ரிம்முக்கு நேரே நிற்காதீர்கள், வெடித்தால் அந்தப் பக்கம்தான் தெறிக்கும். டயரின் முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ அணுகுங்கள்.

---

கால்நடை மருத்துவர், நாமக்கல் பக்கம்:

மூச்சு 18 என்றால் கொஞ்சம் கூடுதல், இன்று இரவு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணுங்கள். இறக்கும் பதற்றத்தில் கால் உரசியிருக்கிறதா என்று இரண்டு குதிரைக்கும் பாருங்கள். தோல் கிழிந்திருந்தால் ரணஜன்னி ஊசி கடைசியாக எப்போது போட்டது என்பதை நாளை வரும் மருத்துவரிடம் சொல்லுங்கள், குதிரைக்கு அந்த நோய் மிக எளிதில் வரும். இனி எப்போதாவது தீக்காயம் பட்டால் 20 நிமிடம் சாதாரணக் குளிர்ந்த தண்ணீர், வேறு எதுவும் தடவக் கூடாது. மஞ்சளும் எண்ணெயும் பூசினால் காயத்தின் ஆழமே எங்களுக்குத் தெரியாமல் போகும்.