புதுப்பிப்பு: கொண்டோவில் மத்தியதரைக்கடல் தோட்டம்

எங்கள் கொண்டோ (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு) நீச்சல் குளத்தருகே இயற்கையாக வளர்ந்தது போன்ற ஆலிவ், லாவெண்டர் தோட்டம் சிங்கப்பூரில் தாங்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பாணி இருக்கும், செடிகள் மாறும்.

ஆலிவும் லாவெண்டரும் வறண்ட கோடைக்குப் பழகியவை. இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, இரவிலும் புழுக்கம்; லாவெண்டரின் வேர் அழுகிவிடும். இங்குள்ள கார்டன்ஸ் பை த பே பூங்காவின் ஃபிளவர் டோம் கண்ணாடிக் கூடத்தில் ஆலிவ் மரங்கள் நிற்பது குளிரூட்டிய உலர்ந்த காற்றால்தான்.

அதனால் சரளையும் வெளிர் கல் பாதையும் அப்படியே. வரிசை கட்டாமல் திட்டுத் திட்டாக வெட்டிவேர், எலுமிச்சைப்புல். சாம்பல் நிற இலைக்கு வெள்ளி பட்டன்வுட் என்ற செடி. மண்ணில் சரளை கலந்து மேடாக்குகிறோம், வடிகாலில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. ரோஸ்மேரி, மழை படாத தாழ்வாரத்தில் மண்தொட்டியில். அப்புறம், டிசம்பர் மழை மேட்டைக் கரைத்துவிடாமல் இருக்க, பிப்ரவரியில் நடுகிறோம்.