சிலையை இறக்கினால் போதுமா, பீடத்தையும் எடுக்கணுமா?

பழஞ்சுவடி:
நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார்: "சர்ச்சைக்குரிய சிலையை இறக்குவது அரை நாள் வேலை. ஒரு கிரேன், நாலு ஆள் போதும். பீடத்தைத் தொட வேண்டாம், அதுபாட்டுக்கு இருக்கட்டும்." முதல் பாதி அறியாமை, இரண்டாம் பாதி மிகச் சரி. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அடிமை வியாபாரி எட்வர்ட் கோல்ஸ்டன் சிலையை 2020 ஜூன் 7 அன்று கயிறு கட்டி இழுத்து, உருட்டிக்கொண்டு போய்த் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். பீடம் இன்றும் அங்கேயே நிற்கிறது. வெறும் பீடத்தைப் பார்க்கிறவன் "இங்கே யார் இருந்தது, ஏன் போனது?" என்று கேட்பான். அதையும் பெயர்த்துவிட்டால் கேள்வியே எழாது.

கல்தச்சன்:
அரை நாள் என்று எழுதியவர் எந்தச் சிலையின் பாதத்தையும் உற்றுப் பார்த்ததில்லை. வெண்கலச் சிலை உள்ளே வெறும் கூடு. வார்ப்பின் கனம் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள்தான். அதைத் தாங்குவது உள்ளே ஓடும் இரும்புச் சட்டம். அது பாதத்தின் வழியே முளையாக இறங்கி, கல்லில் வெட்டிய குழிக்குள் ஈயம் உருக்கி ஊற்றி இறுகியிருக்கும். கொக்கியை மாட்டிச் சும்மா தூக்கினால் கணுக்கால் கிழிந்து, பாதம் கல்லிலேயே தங்கிவிடும்.

முதலில் நைலான் பட்டையை அக்குளுக்கடியிலும் இடுப்பிலும் போட்டு, கிரேனில் கொஞ்சம் எடையை ஏற்றி வைக்கணும். கழுத்திலோ நீட்டிய கையிலோ பட்டை கூடாது. அப்புறம் பாதத்துக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கில் ரம்பம் விட்டு முளைகளை ஒவ்வொன்றாக அறுக்கணும். எடை ஏற்றாமல் அறுத்தால் கடைசி முளை விட்டதும் சிலை உருளும். இரண்டு விரற்கடை தூக்கி நிறுத்தி, சாய்வு பார்த்த பிறகுதான் மேலே. உள்ளே வருஷக்கணக்கில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தால் அது வேறு எடை. தூக்கும்போது குலுங்கி இழுக்கும்.

சரி, பீடம். அறுத்த முளையின் அடித்துண்டு கல்லுக்குள்தான் இருக்கிறது. துரு ஏறினால் இரும்பு பல மடங்கு பருக்கும், மேல் கல் பிளக்கும். பீடத்தையும் எடுங்கள்.

பழஞ்சுவடி:
இதற்கா பீடத்தை எடுக்கணும்? கோர் ட்ரில் (கல்லை வட்டமாகக் குடையும் துளைப்பான்) போட்டு அடித்துண்டை உருவுங்கள், குழியைச் சுண்ணாம்புக் காரையால் அடையுங்கள், மேலே சரிவாக ஈயத் தகடு போர்த்துங்கள். ஒரு வார வேலை. இந்தியா கேட் விதானத்திலிருந்து ஐந்தாம் ஜார்ஜின் பளிங்குச் சிலையை 1968இல் கொரோனேஷன் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் காலியாக நின்றது. விழுந்ததா?

மவுண்ட்ரோடு_வாசி:
டெல்லிக்குப் போவானேன்? 1927இல் நம் ஊரில் ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையைச் சத்தியாகிரகம் செய்தே அகற்றினோம். பீடத்தைப் பற்றி அன்று யாராவது கவலைப்பட்டார்களா?

தேன்மொழி:
1927இல் அகற்றவில்லை, 1937இல். 1927இல் நடந்தது போராட்டம். சோமயாஜுலு முன்னின்றார், அஞ்சலையம்மாள் சிறை போனார். சிலை அசையவில்லை. ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் மவுண்ட் ரோட்டை விட்டுப் போனது. இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என்னைக் கேட்டால் எதையும் எடுக்கவே கூடாது. 1857இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் நீல் செய்த கொடுமையைப் பக்கத்திலேயே கல்வெட்டாக வெட்டி வைத்திருக்கணும்.

மவுண்ட்ரோடு_வாசி:
பத்து வருஷம் முன்னே பின்னே இருக்கட்டும் அம்மா. அந்தப் போராட்டம் இல்லாமல் 1937 வந்திருக்குமா? தூக்கிலிட்டவனை வெண்கலத்தில் உயர்த்தி வைத்துவிட்டு, முழங்கால் உயரத்தில் ஒரு கல்வெட்டு வைத்தால் யார் குனிந்து படிப்பார்கள்? கண் போவது மேலேதான்.

தேன்மொழி:
வருஷத்தைத் தப்பாகச் சொன்னீர்கள், அதை ஒத்துக்கொள்ளுங்கள். கல்வெட்டை அப்புறம் பேசலாம்.

கல்தச்சன்:
பழஞ்சுவடி, விதானம் வேறு, பீடம் வேறு. ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைக் காட்டுகிறீர்கள். அந்த விதானம்கூடக் காலியாக நிலைக்கவில்லையே. 280 டன் கருங்கல்லைச் செதுக்கி, 28 அடி உயரத்தில் 65 டன் நேதாஜியை 2022இல் நிறுத்தினார்கள். காலி இடம் ஆளைக் கூப்பிடும். கோல்ஸ்டன் பீடத்தில் 2020 ஜூலை 15 அன்று போராட்டக்காரப் பெண் ஒருவரின் சிலையை ஒரு சிற்பி அனுமதி இல்லாமல் ஏற்றினார். மறுநாளே நகராட்சி இறக்கியது. பிராகில் ஸ்டாலின் சிலையை 1962இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அடித்தளத்தை விட்டார்கள். 1991இல் அதன்மேல் ராட்சத மெட்ரோனோம் (ஊசி ஆடித் தாளம் காட்டும் கருவி) வந்தது. பீடத்தை விட்டால் சண்டையை விட்டதாகாது.

இன்னொன்று, அமெரிக்காவின் ரிச்மண்டில், உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைத் தளபதியாக இருந்த ராபர்ட் லீ சிலை. 21 அடி, 12 டன். 2021 செப்டம்பர் 8 அன்று இறக்கினார்கள். சாலையில் உயரக் கட்டுப்பாடு என்பதால் இடுப்பில் இரண்டாக அறுத்து ஏற்றினார்கள். பீடத்துக்குள் 1887இல், பிற்காலத்தவர் திறந்து பார்க்க ஒரு காலப் பெட்டி வைத்ததாகப் பழைய செய்தி இருந்தது. மறுநாள் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. டிசம்பரில் பீடத்தைக் கல் கல்லாகப் பிரித்தபோதுதான் முதலில் ஓர் ஈயப் பெட்டி, பிறகு ஒரு செப்புப் பெட்டி வந்தது. ஈயப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஈரம் ஏறி ஊறிய புத்தகங்கள். பீடத்துக்குள் எவ்வளவு தண்ணீர் நடமாடுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பழஞ்சுவடி:
ஈரம் இருந்தது மேல் மூடாததாலா, சிலை இருந்தபோதேவா? சிலை 1890லிருந்து மேலேயே நின்றது. அப்போதே இறங்கிய ஈரம் அது. உங்கள் சாட்சி என் பக்கம்தான் பேசுகிறது. இடுப்பில் அறுத்ததைச் சாதாரணமாகச் சொல்கிறீர்களே, அதைத் திரும்ப ஒட்டினால் பற்றவைப்புத் தடம் நிறம் மாறித் தெரியுமே? கோல்ஸ்டனைப் பாருங்கள். தண்ணீரிலிருந்து எடுத்து, சேற்றைக் கழுவி, மேலே அடித்த பெயிண்டைக்கூடப் போகாமல் காத்தார்கள். கோட்டின் வாலுக்குள் சுருட்டி வைத்த 1895ஆம் ஆண்டு வாரப் பத்திரிகை ஒன்று கிடைத்தது. சிலையைப் பொருத்திய ஆட்களின் பெயர்கள் அதில் கையால் எழுதியிருந்தன. பெயர்த்தெறிகிற அவசரத்தில் இதெல்லாம் தொலையும்.

கல்தச்சன்:
பெயர்த்தெறியச் சொன்னது யார்? பிரிக்கணும் என்றேன். ஒவ்வொரு கல்லுக்கும் எண், நான்கு பக்கமும் படம், மேலிருந்து கீழாக. பழைய பீடத்தில் கல்லையும் கல்லையும் இரும்புக் கவ்விகள் பிடித்திருக்கும். அவற்றைத் தேடி அறுக்காமல் நெம்பினால் மூலை உடையும். சுண்ணாம்புக் காரை என்றால் இணைப்பு விட்டுக்கொடுக்கும். பிற்காலத்தில் யாராவது சிமென்ட் பூசியிருந்தால் கல்லே பிய்ந்து வரும். நடுவில் செங்கல் நிரப்பு இருந்தால் அதற்கு முன்கூட்டியே முட்டுக் கொடுத்து வைக்கணும், இல்லையென்றால் மேல் கல் போனதும் பக்கவாட்டில் சரியும். இத்தனையும் செய்து கிடங்கில் அடுக்கலாம். உங்கள் ஈயத் தகடோ, ஓரத்தில் கொக்கிமடிப்பு சரியில்லையென்றால் இரண்டு மழையில் தூக்கிக்கொள்ளும்.

பழஞ்சுவடி:
கொக்கிமடிப்பு சரியாகப் போட்டால் தூக்காது. கிடங்கில் எண் போட்டு அடுக்கிய கல்லை எந்தப் பிள்ளை வந்து பார்க்கும்? பீடம் இருக்கட்டும்.

கல்தச்சன்:
பீடத்தை எடுக்கணும். கவ்விகளைப் பற்றிச் சொன்னதற்கு நீங்கள் பதிலே சொல்லவில்லை.

தேன்மொழி:
1937 என்றேன். அதற்கும் இன்னும் பதில் வரவில்லை.