சின்னக் கருவி மையம் ஓப்பன் சயின்ஸ் கிளவுடில் சேர்ந்தால் நமக்கு என்ன கிடைக்கும்?

வாளையார்_கருவி:
எல்லோருக்கும் வணக்கம். வாளையார் பக்கம் ஒரு கல்லூரியில் பொதுக் கருவி மையத்தைப் பார்த்துக்கொள்கிறேன். படிக அமைப்பை எக்ஸ்ரேயால் அளக்கும் எக்ஸ்ஆர்டி ஒன்று, எஸ்இஎம் என்ற எலக்ட்ரான் நுண்ணோக்கி ஒன்று, லேசரால் பொருளை அடையாளம் காணும் ராமன் ஒன்று, அவ்வளவுதான். பாலக்காடு, கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சி என்று இரண்டு மாநிலக் கல்லூரிகளில் இருந்தும் ஸ்காலர்கள் சாம்பிளோடு வருகிறார்கள், கோவை ஃபவுண்டரிக்காரர்கள் உடைந்த வார்ப்புத் துண்டைக் கொண்டுவந்து ஏன் உடைந்தது என்று பார்த்துத் தரச் சொல்கிறார்கள். அளந்து முடிந்ததும் ஃபைலை பென் டிரைவில் போட்டுக் கொடுப்போம், ஒரு பிரதி எங்கள் கம்ப்யூட்டரில் கிடக்கும், அது நிரம்பினால் பழையதை அழிப்போம்.

இப்போது கமிட்டியில் ஒரு பேராசிரியர், ஐரோப்பாவில் ஓப்பன் சயின்ஸ் கிளவுட் என்று ஒன்று ஓடுகிறது, நாமும் அந்த வழியில் போகவேண்டும் என்கிறார். இன்னொருவர், நம் தரவை ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு நமக்கு என்ன மிச்சம் என்று கேட்கிறார். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகப் படுகிறது. அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

திருப்பதி_பீம்லைன்:
முதலில் அது என்ன என்பதைப் பார்ப்போம் சார். ஐரோப்பிய ஆணையம் 2016-ல் அறிவித்தது, 2018 நவம்பரில் வியன்னாவில் தொடங்கி வைத்தார்கள், அதை நடத்த 2020-ல் ஒரு சங்கம் அமைத்தார்கள், 2024 அக்டோபரில் முதல் நோடு, அதாவது சேவைகளைத் தரும் இணைப்பு மையம், திறந்தது. பெயரில் கிளவுட் இருப்பதால் எங்கோ ஒரு பெரிய சர்வரில் எல்லாரும் கொண்டுபோய்க் கொட்டுவதாக நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஒவ்வொரு மையத்தின் தரவும் பெரும்பாலும் அந்தந்த மையத்திலேயே இருக்கும். தேடுவதும், லாகின் செய்வதும், கணக்குப் போடுவதும்தான் பொது. ஒரே டிக்கெட்டில் நம்ம ஊர் பஸ்சிலும் கேரளா பஸ்சிலும் ஏறிப் போக முடிந்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி.

லாபம் என்ன என்பதை நான் பிரான்சின் கிரெனோபிளில் உள்ள ஈஎஸ்ஆர்எஃப் சின்க்ரோட்ரானை (மிகப் பிரகாசமான எக்ஸ்ரே தரும் பெரிய மையம்) வைத்துச் சொல்கிறேன், எங்கள் குழுவுக்கு அங்கே பீம்டைம், அதாவது அந்தக் கதிரில் அளக்க நேரம், கிடைத்திருக்கிறது. அங்கே 2015 முதல் ஒரு தரவுக் கொள்கை உண்டு. அளந்த கச்சாத் தரவு மூன்று வருடம் அந்தக் குழுவுக்கு மட்டும், காரணம் சொல்லிக் கேட்டால் நீட்டிப்பார்கள், அப்புறம்தான் எல்லாருக்கும் திறக்கும். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு டிஓஐ எண், அதாவது மேற்கோள் காட்ட உதவும் நிரந்தர அடையாள எண், கிடைக்கும். அதனால் உங்கள் கமிட்டியில் ‘அள்ளிக் கொடுப்பது’ பற்றிப் பயப்படுகிறவரிடம் இந்த மூன்று வருடத்தைச் சொல்லுங்கள்.

2018 டிசம்பரில் அவர்களும் அதே ஊரில் இருக்கும் ஐஎல்எல் நியூட்ரான் மையமும் இன்னும் நான்கு மையங்களும் சேர்ந்து பானோஸ்க் என்ற திட்டத்தை ஆரம்பித்தார்கள். எல்லாரும் வந்து போகிற பொது மையங்கள்தான் அவை, அதாவது அளவில் பெரியவை என்றாலும் வேலை உங்கள் வேலைதான். ஐஎல்எல் உருவாக்கிய விசா என்ற வசதியில் பிரவுசரைத் திறந்தால் போதும், தரவு இருக்கிற இடத்திலேயே ஒரு கம்ப்யூட்டர் திறக்கும், தேவையான சாஃப்ட்வேர் எல்லாம் அதில் இருக்கும். டெராபைட் கணக்கில் டவுன்லோடு செய்துகொண்டு உட்கார வேண்டியதில்லை. நல்ல கம்ப்யூட்டர் இல்லாத கல்லூரிப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

பாறசாலை_தாமஸ்:
நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே தரவைப் பார்த்துக்கொள்ளவே தனியாக ஆள் வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் பல மையங்களில் ஒரே டெக்னீஷியன், அவரும் கான்ட்ராக்ட், ஸ்லாட் போடுவது, கருவியைத் துடைப்பது, பில் போடுவது எல்லாம் அவர் தலையில். மெட்டாடேட்டாவையும், அதாவது எதை எப்படி அளந்தோம் என்ற விவரத்தையும், நிரப்பு என்றால் யார் நிரப்புவது? ஆள் போடாமல் சேர்ந்தால் பெயர் மட்டும்தான் பட்டியலில் இருக்கும்.

இன்னொன்று, ஃபவுண்டரிக்காரர் காசு கொடுத்து அளக்கிறார். அது அவருடைய பிழைப்பு. அதை எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது.

வாளையார்_கருவி:
தாமஸ் அண்ணன் சொல்வது எங்கள் நிலைமையை அப்படியே சொன்ன மாதிரி இருக்கிறது. இந்தியாவில் ஐ-ஸ்டெம் இருக்கிறதே, அதில் பதிந்தால் போதாதா?

கோவை_டேட்டா:
ஐ-ஸ்டெம் 2020 ஜனவரியில் வந்தது, எந்த ஊரில் எந்தக் கருவி இருக்கிறது, எப்படி ஸ்லாட் வாங்குவது என்று காட்டுகிற தளம். கட்டாயம் பதியுங்கள். ஆனால் அது பகிர்வது கருவியை. நீங்கள் கேட்பது அளந்த பிறகு அந்தத் தரவு என்ன ஆகிறது என்பது, அது வேறு.

லாபம் எங்கே என்று நான் பார்த்தவரை சொல்கிறேன். ஒரு ஸ்காலர் எக்ஸ்ஆர்டி எடுத்துக்கொண்டு போய் இரண்டு வருடம் கழித்து தீசிஸ் எழுத உட்காரும்போது அவர் கையில் இருப்பது இரண்டு நெடுவரிசை எண்கள். எந்த அலைநீளம், தாமிரக் குழாயின் 1.5406 ஆங்ஸ்ட்ராமா வேறா, ஸ்டெப் எவ்வளவு, எந்த ஸ்லிட், எதுவும் ஃபைலில் இல்லை. கம்பெனி கொடுத்த மூல ஃபைலில் எல்லாம் இருக்கும், ஆனால் அது அந்தக் கம்பெனி சாஃப்ட்வேரில்தான் திறக்கும், அந்த லைசென்ஸ் உங்கள் மையத்தின் ஒரே கம்ப்யூட்டரில். எஸ்இஎம்-மிலும் இதே கதை. பல கருவிகள் டிஃப் படத்துக்குள்ளேயே வோல்டேஜ், உருப்பெருக்கம், பிக்சல் அளவு எல்லாவற்றையும் எழுதி வைக்கும். நாம் அதை ஜேபெக் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது எல்லாம் போய்விடும், படத்தின் அடியில் இருக்கிற ஸ்கேல் கோடு மட்டும் மிஞ்சும். திரும்ப ஸ்லாட், திரும்பக் கட்டணம், திரும்பக் கருவியின் ஆயுள் கொஞ்சம் குறைவது. இந்த வலையமைப்புகளில் சேர வேண்டுமானால் பொது வடிவத்தில் மெட்டாடேட்டாவோடு சேமித்தே ஆகவேண்டும், அந்தக் கட்டாயத்தால் உங்கள் வீட்டுக்குள்ளேயே ஒழுங்கு வந்துவிடும். எனக்கு இதுதான் முதல் லாபம், வெளியூர்க்காரர் பார்ப்பது அப்புறம்.

அடுத்தது பெயர். இப்போது பேப்பரின் கடைசியில் நன்றி என்று ஒரு வரி போட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. டிஓஐ எண் வழங்கும் டேட்டாசைட் அமைப்பு 2024 ஜனவரியில் கொண்டுவந்த மெட்டாடேட்டா வடிவத்தின் 4.5 பதிப்பில் கருவி என்றே ஒரு வகை சேர்த்துவிட்டார்கள், ஆகவே உங்கள் எஸ்இஎம்-முக்கே ஒரு டிஓஐ வாங்கலாம். அளந்த தரவு அந்த எண்ணைச் சுட்டினால், யார் எங்கே உங்கள் கருவியால் என்ன செய்தார்கள் என்று எண்ணிக்கையோடு காட்டலாம். பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் கேட்டு நிர்வாகத்திடம் போகும்போது இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

ஐரோப்பிய நோடு அங்குள்ள ஆய்வாளர்களை வைத்துக் கட்டியது, நாளைக்கே நேராகச் சேர்வது பற்றி யோசிக்க வேண்டாம். ஆனால் ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு மையமான செர்ன் 2013 முதல் நடத்துகிற ஜெனோடோ என்ற தரவுக் களஞ்சியம் எந்த நாட்டுக்காரருக்கும் இலவசம், சாதாரணமாக ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை ஏற்றலாம், டிஓஐ தருவார்கள், ஃபைலை மூடிவைத்து விவரத்தை மட்டும் காட்டவும் முடியும். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் காந்திநகர் இன்ஃப்லிப்நெட் நடத்தும் இன்ஃபெட் லாகின், பல நாட்டுக் கல்வி லாகின்களை இணைக்கும் எடுகெயினோடு இணைந்தது, உங்கள் கல்லூரி அதில் இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். இருந்தால் கல்லூரி ஐடியை வைத்தே வெளிநாட்டுச் சேவைகள் சிலவற்றில் நுழையலாம்.

திருப்பதி_பீம்லைன்:
ஆமாம், அதோடு ஒன்று. புரத அமைப்புகளை 1971 முதல் பொதுவில் போட்டு வைத்தார்கள், ஆரம்பத்தில் ஏழே ஏழு அமைப்புகள். அந்தக் களஞ்சியம் வளர்ந்து, அதை வைத்துத்தான் புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற ஏஐ-யைப் பயிற்றுவித்தார்கள், 2024-ல் வேதியியல் நோபல் வரை போனது. போட்டவர்களில் யாருக்கும் அன்றைக்கு இது தெரியாது.

பாறசாலை_தாமஸ்:
சரி, மூடிவைக்கவும் வழி இருக்கிறது என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆள் விஷயத்தை விட்டுவிடாதீர்கள் தம்பி. கட்டணத்தில் ஒரு பங்கைத் தரவு வேலைக்கு என்று ஒதுக்கக் கமிட்டியில் எழுத்தில் வாங்குங்கள், வாய்ப்பேச்சாக விடவேண்டாம்.

வாளையார்_கருவி:
எல்லாருக்கும் நன்றி. எஸ்இஎம்-மை மட்டும் வைத்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். மூல டிஃப் இல்லாமல் யாருக்கும் படம் கொடுப்பதில்லை, ஸ்லாட் ஃபார்மிலேயே சாம்பிள் விவரமும் ஆர்கிட் எண்ணும் (ஆய்வாளரின் அடையாள எண்) ஸ்காலரே நிரப்ப வேண்டும். மூன்று வருடம் மூடி வைப்பது என்ற விதியைக் கமிட்டி முன் வைக்கிறேன். தொழிற்சாலை சாம்பிளுக்கு என்ன செய்வது என்பதில்தான் இன்னும் தெளிவில்லை.

கோவை_டேட்டா:
அதற்குத் தனி ஃபார்ம் போடுங்கள், தனி ஃபோல்டர், பொதுச் சர்வர் பக்கமே வரக்கூடாது. தரவு வாடிக்கையாளருக்குச் சொந்தம் என்று ஃபார்மிலேயே எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். மாதத்துக்கு எத்தனை மணி நேரம் கருவி ஓடியது என்ற எண்ணிக்கையை மட்டும் வெளியே காட்டினால் போதும். எங்களிடம் இருக்கிற ஃபார்மின் தமிழ், மலையாளப் பிரதிகளை இன்று ராத்திரி இங்கே போடுகிறேன், உங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.