பூட் ஆகும்போதே விழுந்த கர்னல்: உங்களை இன்னும் விடாத எக்செப்ஷன் எது?

ராத்திரி பூட்:
மூன்று ராத்திரியைத் தின்றது இது. சொந்தமாக எழுதிய 32 பிட் கர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி). ஐடிடி (எந்த எண்ணுக்கு எந்த ஹேண்ட்லர் ஓட வேண்டும் என்ற அட்டவணை) ஏற்றியாயிற்று, முதல் 32 எக்செப்ஷனுக்கும், அதாவது ப்ராசஸரே எழுப்பும் பிழைகளுக்கும், ஹேண்ட்லர் இருக்கிறது, சாதனங்களிலிருந்து வரும் இன்டரப்ட்டைத் திறக்கும் எஸ்டிஐ போட்டதும் கண் இமைப்பதற்குள் டபுள் ஃபால்ட் (ஒரு ஃபால்ட்டைக் கையாளப் போகும்போதே இன்னொரு ஃபால்ட்). எஸ்டிஐயை எடுத்துவிட்டால் ஒழுங்காக ஓடும். ஸ்டாக் போதவில்லையோ என்று 4 கேபியை 16 ஆக்கினேன், ஜிடிடியை (மெமரி செக்மென்ட்களின் அட்டவணை) திரும்பத் திரும்ப எழுதினேன், ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாவது ராத்திரிதான் திரையில் இருந்ததை நிதானமாகப் படித்தேன். ப்ராசஸர் ஸ்டாக்கில் வைக்கும் எரர் கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஹெக்ஸில் 101234, இன்ஸ்ட்ரக்ஷன் முகவரியான இஐபி 8, கோடு செக்மென்ட்டான சிஎஸ் 202. டபுள் ஃபால்ட்டுக்கு எரர் கோடு எப்போதும் 0 தானே, அப்புறம் இது என்ன எண்? என் கர்னல் 1 எம்பியில் ஏறுகிறது, அப்படியானால் இது என்னுடைய கோடு இருக்கும் முகவரி. 8 என் கோடு செலக்டர், சிஎஸ்ஸில் இருக்க வேண்டியது. 202 என்பது இன்டரப்ட் திறந்திருக்கும் ஃபிளாக்ஸ். எல்லாம் ஒரு படி தள்ளி உட்கார்ந்திருக்கிறது! ப்ராசஸர் எரர் கோடே வைக்கவில்லை, வந்தது டபுள் ஃபால்ட்டே இல்லை, டைமர். 1981 ஐபிஎம் பிசியிலிருந்தே பயாஸ் டைமரை 8-ஆம் எண்ணில்தான் வைக்கிறது, டபுள் ஃபால்ட்டுக்கும் அதே 8. சாதனங்களின் இன்டரப்ட்டுக்கு எண் கொடுக்கும் பிக் சிப்பை 32-க்கு நகர்த்தினேன், சரியாகிவிட்டது. அந்த 202 மட்டும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சீரியல் கேபிள்:
தம்பி, பிக்கை நகர்த்தாமல் எஸ்டிஐ போட்டதுதான் தப்பு. பூட் முடியும்வரை, இன்டரப்ட்டை மூடும் சிஎல்ஐயிலேயே விட்டுவிட்டால் எக்செப்ஷன் தொல்லையே வராது.

என்னுடையது பழைய லேப்டாப்பில். சீரியல் போர்ட் கிடையாது, லோகோ வரும், திரை கறுக்கும், மறுபடி லோகோ. கோட்டில் ஹெச்எல்டியை (ப்ராசஸரை நிறுத்தும் இன்ஸ்ட்ரக்ஷன்) ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கிக்கொண்டே போனேன். மெஷின் நின்றால் தவறு அதற்குக் கீழே, ரீபூட் ஆனால் மேலே. ஒவ்வொரு முறையும் பென்டிரைவில் எழுதி, செருகி, காத்திருந்து, விடிகிற நேரத்தில் ஜிடிடி ஏற்றியபின் வரும், சிஎஸ்ஸை மாற்றும் ஃபார் ஜம்ப்பில் வந்து நின்றது. ஜிடிடியின் முகவரியையே தப்பாகக் கொடுத்திருந்தேன்.

பேஜ்14:
சீரியல் கேபிள் அண்ணா, மன்னிக்கவும், சிஎல்ஐ பற்றி நீங்கள் சொன்னது தவறு. புதிதாக வருபவர்கள் நம்பிவிடுவார்கள், அதனால்தான் சொல்கிறேன். சிஎல்ஐ தடுப்பது வெளியிலிருந்து வரும் இன்டரப்ட்டை மட்டும்தான். பேஜ் ஃபால்ட்டோ (மேப் இல்லாத முகவரியைத் தொட்டால் வருவது) ஜிபி ஃபால்ட்டோ (பாதுகாப்பு விதியை மீறினால் வருவது) அதைக் கண்டுகொள்வதே இல்லை. உங்கள் ஃபார் ஜம்ப்பும் சிஎல்ஐயில்தானே விழுந்திருக்கும்? எனக்கும் அப்படித்தான், பேஜிங்கை (விர்ச்சுவல் முகவரியை நிஜ முகவரியாக மாற்றும் வசதி) திறந்த அடுத்த இன்ஸ்ட்ரக்ஷனே மேப்பில் இல்லை, ஐடிடியும் இல்லை, நேராக டிரிபிள் ஃபால்ட் (டபுள் ஃபால்ட்டையும் கையாள முடியாத நிலை), ரீபூட்.

அதனால் யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். ஐடிடியைக் கடைசி வேலையாக வைக்காதீர்கள். 64 பிட் லினக்ஸ், தன் முக்கியத் தொடக்க ஃபங்ஷனான ஸ்டார்ட்_கர்னலுக்குள் நுழையும் முன்பே 32 எக்செப்ஷனுக்கும் ஒரு தற்காலிக ஐடிடி போட்டுவிடுகிறது. அந்தக் கட்டத்தில் பேஜ் ஃபால்ட் வந்தால் சாகாமல், தேவையான பேஜ் டேபிளை அங்கேயே கட்டிக்கொண்டு மேலே போகிறது. ஹேண்ட்லருக்குள் போனதும் முதலில், ஃபால்ட் ஆன முகவரி இருக்கும் சிஆர்2-ஐ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிரின்ட் செய்யும் கோடே இன்னொரு ஃபால்ட் அடித்தால் பழைய முகவரி போய்விடும். கியூஎமு எமுலேட்டரில் இன்டரப்ட் லாகைத் திறந்து, தானாக ரீபூட் ஆவதை நிறுத்தி ஓட்டுங்கள், எந்த ஃபால்ட்டிலிருந்து எது கிளம்பியது என்று வரிசையாகத் தெரியும். டபுள் ஃபால்ட்டுக்கு ஐஎஸ்டி (64 பிட்டில் ஹேண்ட்லருக்கான ஸ்டாக்கைக் குறிக்கும் பட்டியல்) வழியாகத் தனி ஸ்டாக் கொடுங்கள். கெட்டுப்போன ஸ்டாக்கிலேயே அதையும் தள்ளப் பார்த்தால் டிரிபிள்தான்.

ரெண்டு பைட்:
எனக்கு ரிஸ்க்-ஃபைவ், வேறு ப்ராசஸர் வகை. ட்ராப் ஹேண்ட்லர் (எக்செப்ஷனும் இன்டரப்ட்டும் வந்து இறங்கும் கோடு) அருமையாக வேலை செய்துகொண்டிருந்தது, வேறொரு ஃபைலில் ஒரே ஒரு பிரின்ட் வரி சேர்த்தேன், செத்துவிட்டது. வரியை எடுத்தால் உயிர் வரும். ஜிடிபி டீபக்கரில் பார்த்தால் ஹேண்ட்லர் ஹெக்ஸ் 80200246-இல் இருக்கிறது, ஹேண்ட்லர் முகவரியை வைக்கும் ரெஜிஸ்டரான எஸ்டிவெக்கைத் திரும்பப் படித்தால் 0. நான் எழுதியதை அது ஏற்கவே இல்லை! எஸ்டிவெக்கின் கடைசி 2 பிட் முகவரி இல்லை, மோட். 2 பைட் நீளக் கம்ப்ரஸ்டு இன்ஸ்ட்ரக்ஷன் இருப்பதால் ஃபங்ஷன் 2 பைட் எல்லையில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஹேண்ட்லருக்கு மேலே .அலைன் 2 (4 பைட் எல்லை) போட்டதும் தீர்ந்தது. அதற்கு நான் செலவழித்தது ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை.

பேஜ்14 சொன்னதோடு ஒன்று: ரிஸ்க்-ஃபைவ் லினக்ஸ், பேஜிங்கைச் செய்யும் எம்எம்யூவைத் திறக்கும்போது எஸ்டிவெக்கில் விர்ச்சுவல் முகவரியை முன்கூட்டியே வைத்துவிடுகிறது. அடுத்த இன்ஸ்ட்ரக்ஷனில் ஃபால்ட் அடித்தால் நேராகப் புது முகவரியில் போய் இறங்கும். ஃபால்ட்டையே படிக்கட்டாக வைத்திருக்கிறார்கள், முதல் தடவை படித்தபோது எழுந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

ராத்திரி பூட்:
பேஜ்14, என்னுடையது 32 பிட், அதில் ஐஎஸ்டி கிடையாது. டபுள் ஃபால்ட்டுக்கு டாஸ்க் கேட் (வேறொரு டாஸ்க்குக்கே மாற்றிவிடும் ஐடிடி பதிவு) வைத்து, தனி டிஎஸ்எஸ் (அந்த டாஸ்க்கின் ரெஜிஸ்டர்கள் இருக்கும் இடம்), தனி ஸ்டாக் கொடுத்து இன்று சாயங்காலம் வேண்டுமென்றே ஸ்டாக் முகவரியான இஎஸ்பியை மேப் இல்லாத இடத்துக்கு மாற்றிப் பார்த்தேன். ரீபூட் ஆகவில்லை. எண் 8, எரர் கோடு 0.